பெயருக்கு முன் வரும் இரக்கம்

தமக்கென ஓர் அடையாளம் வேண்டும் என்று எண்ணும் மனிதக் கூட்டம் பெரும்பாலும் விலங்குகளையே நாடிச் செல்கிறது. அரசுகள் சிங்கத்தையும் கழுகையும் தம் முத்திரைகளில் பொறித்துக்கொண்டன. விளையாட்டுக் குழுக்கள் புலியையும் காளையையும் தேர்ந்துகொண்டன. நாம் எவ்வாறு விளங்க விரும்புகிறோமோ, அதை ஒரு விலங்கின் உருவில் எழுதிக் கொடியில் ஏற்றுகிறோம். வலிமை, வேகம், வீரம் ஆகியவையே நாம் அவற்றிடமிருந்து வழக்கமாகக் கடன் வாங்கும் பண்புகள்.

ஆனால் ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைப் போன்ற உடலுடைய, பார்ப்பவரைத் திகைக்கச் செய்யும் ஒரு நாயின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட கூட்டம் ஒன்று கதையுலகில் உண்டு. ஹரோல்ட் சாகுயிஷி என்னும் ஜப்பானியப் படைப்பாளர் 1999 முதல் 2008 வரை ஒரு திங்களிதழில் வரைந்து வெளியிட்ட ‘பெக்’ என்னும் சித்திரக்கதையைத்தான் குறிப்பிடுகிறோம். 34 தொகுதிகளாக நூலுருப் பெற்ற இக்கதை, 2002-ஆம் ஆண்டில் கொதான்ஷா பதிப்பகத்தின் சித்திரக்கதை விருதைப் பெற்றது. பின்னர் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும், 2010-இல் திரைப்படமாகவும் வந்தது. இளைஞர் சிலர் கூடி ராக் இசைக்குழு ஒன்றை அமைத்துப் போராடி முன்னேறும் கதை அது. அக்குழுவின் பெயர் பெக். அப்பெயருக்கு உரியது ஒரு நாய்.

இளைஞர்களுக்கான பொழுதுபோக்குக் கதைதானே என்று நாம் இதைத் தள்ளிவிடலாம். எனினும், அதன் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி, அறவியலின் மிகப் பழைய வினா ஒன்றை நம் முன் வைக்கிறது. பெயரும் பெருமையும் இல்லாத ஓர் உயிருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? அவ்வுயிர் நம் சின்னமாகிவிட்ட பிறகு அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறதா? இவற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பரிசு பெற்ற இரக்கம்

கதையின் நாயகன் யுகியோ தனாக்கா. நண்பர்கள் அவனைக் கொயுகி என்று அழைக்கிறார்கள். பதினான்கு வயதுப் பள்ளி மாணவன். படிப்பிலோ விளையாட்டிலோ தனிச்சிறப்பு ஏதும் இல்லாதவன். நாள்கள் வெறுமையாகக் கழிகின்றனவே என்னும் மெல்லிய சோர்வு அவனைச் சூழ்ந்திருக்கிறது. ஒருநாள், சிறுவர் சிலர் விந்தையான தோற்றமுடைய ஒரு நாயைத் துன்புறுத்தி மகிழ்வதைக் காண்கிறான். இடைபுகுந்து அதை மீட்கிறான். அந்நாய், அமெரிக்காவில் வளர்ந்து ஜப்பானுக்குத் திரும்பிய ரியூசுகே என்னும் கிதார் கலைஞனுடையது. அந்தச் சந்திப்பிலிருந்து நட்பு பிறக்கிறது. பின்னர் ரியூசுகே கொடுத்த கிதார் ஒன்று அவன் கைக்கு வருகிறது. இசை அவன் வாழ்வாகிறது. நாயை மீட்ட அந்தச் சில நிமிடங்கள் இல்லையேல் இவற்றுள் எதுவும் இல்லை.

இங்கே நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இரக்கத்துக்குப் பரிசு கிடைப்பதாகக் கதை சொல்லும்போது, அது இரக்கத்தை உயர்த்துகிறதா, அன்றி விலைபேசுகிறதா? ‘நாய்க்கு உதவு, உனக்கு நல்வாழ்வு கிட்டும்’ என்பது அறமா, வாணிகமா?

ஜப்பானிய மக்களுக்கு இந்நிகழ்ச்சி புதியதன்று. அங்கே குழந்தைகள் அனைவரும் அறிந்த பழங்கதை ஒன்று உண்டு. உராஷிமா தாரோ என்னும் மீனவன், கடற்கரையில் சிறுவர்கள் ஓர் ஆமையைத் துன்புறுத்துவதைக் கண்டு அதை விடுவிக்கிறான். நன்றி மறவாத ஆமை அவனைக் கடலடியில் உள்ள அரண்மனைக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே அவன் இன்பமாகச் சில நாள்கள் தங்குகிறான். ஊருக்குத் திரும்பும்போது, திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையுடன் இளவரசி ஒரு பேழையைத் தருகிறாள். கரையேறியவன் காண்பது வேறோர் உலகம். கடலடியில் கழிந்த சில நாள்கள் கரையில் நூற்றாண்டுகளாகிவிட்டன. பெற்றோர் இல்லை, வீடு இல்லை, அவனை அறிந்தவர் எவரும் இல்லை. துயரத்தில் பேழையைத் திறக்கிறான், அக்கணமே முதியவனாகிறான்.

இக்கதையில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஆமையை மீட்டதற்கான பரிசே அந்த மீனவனின் இழப்பாகவும் முடிகிறது. அப்படியாயின் அவன் ஆமையை மீட்டிருக்கக் கூடாது என்று கேட்பவர் எவரேனும் சொல்வாரா? சொல்ல மாட்டார். பரிசு கசந்தாலும் செயல் கசப்பதில்லை. செயலின் நன்மை அதன் விளைவில் தங்கியிருக்கவில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

கொயுகியின் கதையும் இவ்வாறே. பரிசாக வந்த கிதார் உடைந்துபோகிறது. கொடுத்தவனே சினந்து அவனை ஒதுக்குகிறான். அதைப் பழுதுபார்க்க அவன் உழைக்க வேண்டியிருக்கிறது. பள்ளியிலோ முரட்டு மாணவர்களின் கொடுமைக்கு அவனே இலக்காகிறான். நாயை மீட்டதால் வாழ்வு எளிதாகிவிடவில்லை. வாழ்வு தொடங்கியது என்று மட்டுமே சொல்லலாம்.

மேலும், மீட்ட அந்த வேளையில் அவன் எதை அறிந்திருந்தான்? அந்நாய் யாருடையது என்பதை அறியான். அதன் பெயரை அறியான். அதற்குப் பின்னால் இசை நிற்கிறது என்பதை அறியான். பயன் பின்னால் வந்தது. இரக்கம் முன்னால் வந்தது. இந்த முறைவரிசையில்தான் இரக்கத்தின் தூய்மை இருக்கிறது. பயனை எதிர்நோக்கிச் செய்ததும், எதிர்பாராமல் பயன் வந்து சேர்ந்ததும் ஒன்றல்ல.

நாய்க்காகவா, நமக்காகவா?

விலங்குக்கு இரங்க வேண்டும் என்பதை மறுப்பவர் சிலரே. ஆனால் ஏன் இரங்க வேண்டும் என்று கேட்டால் விடைகள் பிரிகின்றன.

1751-ஆம் ஆண்டில் இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் ‘கொடுமையின் நான்கு நிலைகள்’ என்னும் பெயரில் நான்கு செதுக்கோவியங்களை வெளியிட்டார். முதல் ஓவியத்தில் டாம் நீரோ என்னும் சிறுவன் ஒரு நாயை வதைக்கிறான். மற்றொரு சிறுவன் தன் கையிலிருந்த தின்பண்டத்தை நீட்டி, இதை எடுத்துக்கொண்டு நாயை விட்டுவிடு என்று மன்றாடுகிறான். இரண்டாம் ஓவியத்தில், வளர்ந்துவிட்ட டாம், விழுந்து கிடக்கும் குதிரையை அடிக்கிறான். மூன்றாவதில் அவன் கொலைகாரன். நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடலை மருத்துவர்கள் அறுக்கிறார்கள். கீழே விழுந்த அவன் இதயத்தை ஒரு நாய் கவ்வுகிறது.

செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், தம் அறவியல் விரிவுரைகளில் இந்த ஓவியங்களை எடுத்துக்காட்டினார். விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான். ஆகவே விலங்குகளிடம் மென்மையாக நடப்பது, மனிதருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமைக்கான பயிற்சி என்பது அவர் கருத்து. அவர் கணிப்பில் நாய்க்கு நேரடியாக நாம் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. 1789-இல் வெளியான தம் நூலில் ஆங்கிலேய அறிஞர் ஜெரமி பெந்தம் வேறு வழி சென்றார். ஓர் உயிருக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பது கேள்வியன்று. அதற்குத் துன்பம் உண்டா என்பதே கேள்வி என்றார்.

கான்ட் கூறியதில் உண்மை உண்டு. பிஞ்சு உள்ளத்தில் ஊறும் கொடுமை பின்னர் எல்லை அறியாது. எனினும் அந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. தின்பண்டத்தை நீட்டிய அச்சிறுவன், டாமின் எதிர்காலத்தை எண்ணியா மன்றாடினான்? கொயுகி தன் பண்பைப் பேணிக்கொள்ளவா நாயை மீட்டான்? இருவரும் கண்டது ஓர் உயிர் துடிப்பதை. அதைத் தாங்க முடியாமல் செயல்பட்டார்கள். விலங்கை நம் நல்லொழுக்கத்தின் ஏணிப்படியாக மட்டும் கருதினால், அதையும் நாம் ஒருவகையில் பயன்படுத்திக்கொள்கிறோம் என்றே பொருள். கொடியில் வரைந்து பயன்படுத்துவது ஒருவகை. அறப்பயிற்சிக்குப் பயன்படுத்துவது மற்றொரு வகை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பசித்த மனிதர் நிறைந்த உலகில் நாய்க்கு இரங்குவது செல்வரின் பொழுதுபோக்கன்றோ என்பார் உளர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1680 முதல் 1709 வரை ஜப்பானை ஆண்ட ஷோகன் டோக்குகாவா சுனயோஷி, உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று ஆணைமேல் ஆணை பிறப்பித்தார். நாய்களுக்குத் தீங்கிழைத்தோர் கடுந்தண்டனை பெற்றனர். தலைநகர் எதோவுக்கு அருகே நக்கானோவில் எழுந்த நாய்க் கொட்டில்களைப் பராமரிக்கும் சுமை மக்கள்மீது விழுந்தது. ‘நாய் ஷோகன்’ என்று மக்கள் அவரை எள்ளினர். அவர் இறந்ததும் நாய்களைப் பற்றிய ஆணைகள் நீக்கப்பட்டன. ஆயினும் அதே ஆணைகள், கைவிடப்பட்ட குழந்தைகளையும் நோயுற்ற வழிப்போக்கர்களையும் காக்க வேண்டும் என்று கட்டளையிட்டன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இரக்கம் என்பது களஞ்சியத்தில் அளந்து வைத்த நெல்லன்று. நாய்க்கு ஒரு படி அளந்தால் மனிதருக்கு ஒரு படி குறைந்துவிடும் என்று கணக்கிட இயலாது. உண்மையான இரக்கம் ஒரு வாயிலில் நுழைந்தால் மறு வாயிலையும் திறக்கவே செய்யும். ஆனால், தண்டனைக்கு அஞ்சி வரும் இரக்கம், அச்சம் நீங்கியதும் தானும் நீங்கிவிடுகிறது. சட்டம் கொடியவன் கையைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். ஆனால் தெருவில் நின்று, எவரும் ஏவாமல், ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும் குரலை எந்த ஆணையும் உண்டாக்கிவிடுவதில்லை.

சின்னமான பின்

இப்போது நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். இசைக்குழு நாயின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. சுவரொட்டிகளில் அப்பெயர் ஏறுகிறது; மேடைகளில் மக்கள் அதை முழங்குகிறார்கள். அமெரிக்காவில் அக்குழுவின் இசைத்தட்டு வெளிவரும்போதோ ‘மங்கோலியன் சாப் ஸ்குவாட்’ என்னும் வேறு பெயர் அதற்கு வந்து வாய்க்கிறது. சந்தை ஒரு பெயரைச் சூட்டும்; மற்றொரு பெயரைக் கழற்றும். நாய்க்கு இவற்றுள் எதுவும் தெரியாது. பெயர் முழங்கும்போதும் அதற்குப் பசிக்கும். பெயர் மறையும்போதும் அதற்கு ஒரு மடி வேண்டும்.

இது கற்பனைக் கதை. கதைக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதே ஜப்பான் நாட்டின் ஹச்சிகோவைச் சொல்லலாம். 1923-இல் பிறந்த ஹச்சிகோ, டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் உயேனோ ஹிதெசாபுரோ வளர்த்த அக்கித்தா இன நாய். 1925 மே மாதத்தில் பேராசிரியர் திடீரென இறந்தார். நாயோ, அவர் வந்திறங்கும் ஷிபுயா இரயில் நிலையத்துக்குச் சென்று காத்திருப்பதைத் தொடர்ந்தது. 1935 மார்ச் மாதத்தில் அது இறக்கும்வரை அக்காத்திருப்பு ஓயவில்லை. இது உலகம் முழுவதும் அறிந்த கதை.

பலர் அறியாத பகுதி ஒன்று உண்டு. தொடக்க ஆண்டுகளில் அந்நிலையத்தில் ஹச்சிகோ தெருநாயாகவே கருதப்பட்டது. அடித்து விரட்டியவர்கள் இருந்தார்கள். அதன் முகத்தில் மையைப் பூசி விளையாடியவர்கள் இருந்தார்கள். ஜப்பானிய நாயினங்களைப் பேணப் பாடுபட்ட சைட்டோ ஹிரோகிச்சி இந்நிலை கண்டு வருந்தி எழுதிய செய்தி, 1932 அக்டோபரில் அசாஹி நாளிதழில் வெளிவந்தது. அதன் பின் எல்லாம் மாறியது. விரட்டிய இடத்திலேயே உணவு நீட்டப்பட்டது. 1934 ஏப்ரலில், இரயில் நிலையத்தின் முன் ஹச்சிகோவுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. திறப்பு விழாவில் நாயும் உடனிருந்தது. பள்ளி நீதிபோதனைப் பாடநூலில், நன்றி மறவாமைக்கு எடுத்துக்காட்டாக அதன் கதை இடம்பெற்றது. பின்னர் போர் வந்தது. உலோகத் தேவைக்காக அச்சிலையை எடுத்து உருக்கினார்கள். 1948-இல் புதிய சிலை எழுந்தது. அதன் அருகே இன்றும் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கக் காத்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் மாறியது எது, மாறாதது எது என்று பாருங்கள். 1931-இல் அடிபட்ட நாயும், 1934-இல் சிலை பெற்ற நாயும் ஒன்றே. அதே கண்கள், அதே உடல், அதே காத்திருப்பு. மாறியது நாயன்று, மனிதர் வாயில் அதன் பெயர் மாறியது. பெயரற்றிருந்தபோது அதற்குக் கிட்டியது கோல். பெயர் பெற்றபோது கிட்டியது வெண்கலம். அந்த வெண்கலமும் போருக்குத் தேவைப்பட்டபோது உருகிப்போயிற்று. சின்னத்துக்கு நாம் செய்யும் சிறப்பு எத்துணை நிலையற்றது! நமக்கு அது பயன்படும்வரை வணங்குவோம்; வேறு பயன் தோன்றினால் உருக்குவோம்.

‘நன்றியுள்ள பிராணி’ என்று நாயை நாமும் புகழ்ந்து பேசுகிறோம். அப்புகழ்ச்சியில் ஒரு தந்திரம் இருக்கிறது. நன்றி செலுத்துவது அதன் வேலை, பெற்றுக்கொள்வது நம் உரிமை என்று அச்சொல் தீர்ப்பளித்துவிடுகிறது. ஒரு வாய்ச் சோற்றுக்கு வாழ்நாள் முழுதும் வாலாட்டும் உயிருக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நாய்க்கு மட்டுமா இந்நிலை? வீட்டுக்கு உழைத்துத் தேய்ந்த முதியவரை, உயிருடன் இருக்கும்போது திண்ணையில் ஒதுக்கிவிட்டு, இறந்தபின் படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றுவதும் இதே பழக்கத்தின் வேறோர் உருவமே. உயிரைவிடச் சின்னத்தை நேசிப்பது நமக்கு எளிது. சின்னம் பசிக்கிறது என்று கேட்பதில்லை, நோயில் படுப்பதில்லை, நம் நேரத்தைக் கோருவதில்லை.

கேளாத இசை

சித்திரக்கதையில் இசையைக் காட்டுவது எவ்வளவு கடினம்! தாளில் ஒலி இல்லை. கொயுகி பாடத் தொடங்கும்போது அக்குரலை நாம் கேட்க முடியாது. கேட்பவர்களின் முகங்கள் மாறுவதைக் கண்டே, அது எத்தகைய குரல் என்று உணர்ந்துகொள்கிறோம். 2010-இல் வந்த திரைப்படத்தில் ஒலிக்கு இடமிருந்தும், அவன் பாடும் குரலை இயக்குநர் ஒலிக்கவிடவில்லை. கேளாத குரலைக் கேட்கும் பொறுப்பைக் காண்பவரிடமே விட்டுவிட்டார்.

இந்தக் கதையில் ஒரு நாய் ஏன் முதலில் வருகிறது என்பதற்கு விடை இங்கே கிடைப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நாயும் தன் துயரைச் சொல்லால் சொல்ல இயலாதது. அதைச் சூழ்ந்து நின்ற சிறுவர்களுக்கு அதன் வலி கேட்கவில்லை. அவ்வழியே வந்த ஒருவனுக்குக் கேட்டது. சொல்லற்ற உயிரின் வலியைக் கேட்ட அந்தச் செவியே, பின்னர் இசையையும் கேட்கிறது. இரக்கமும் இசையும் ஒரே செவியின் இரு திறன்கள் என்று கதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் அதன் அமைப்பு அதையே நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே நம் வினாக்களுக்கு விடை இதுவே. இரக்கத்துக்குப் பரிசு வரலாம், வராமலும் போகலாம், வந்த பரிசு கசக்கவும் கூடும். அவற்றால் அதன் மதிப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஓர் உயிரைச் சின்னமாக உயர்த்துவது தவறன்று. ஆனால் அந்த உயர்வு, உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனுக்கு ஈடாகாது. நாம் எத்தகையவர் என்பதைக் காட்டுவது, புகழ் பெற்ற உயிரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையன்று. புகழ் பெற்றவரிடம் உலகமே பணிவாக நடக்கும். எழுதிவைக்க எவரும் இல்லாத வேளையில், பெயர் தெரியாத ஓர் உயிர் நம் முன் துடிக்கும்போது நாம் செய்வதே நம்மைக் காட்டும்.

ஷிபுயா நிலையத்தின் வழியே அந்த ஏழு ஆண்டுகளில் கடந்து சென்ற எண்ணற்றோருள், நாளிதழில் செய்தி வருவதற்கு முன்பே ஹச்சிகோவின் தலையைத் தடவிச் சென்றவர்களும் இருந்திருக்கவே வேண்டும். அவர்களுக்குச் சிலை இல்லை. அந்த நாய் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. அவர்களுள் ஒருவராக இருப்பது நம் ஒவ்வொருவருக்கும் இன்றே இயலும்.